ஜெட் வண்டிக்கு மூன்று கப்பு

9.9.2025, செவ்வாய்

காலையில் வந்து உட்கார்ந்ததும் பலவேசம் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பிரித்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஒரு பக்கம் பிய்ந்து, எலி கடித்த மாதிரி இருந்தது. வாடை வேறு.

"யம்மா, ஜெட் வண்டி பம்புல கப்பு போயிட்டு. மூணும் போயிட்டு. தண்ணி பக்கவாட்டுல பீச்சுதே ஒழிய ஹோஸுக்கு வர மாட்டக்கு. நூத்தம்பது கிலோ அழுத்தம் நிக்கணும், நாப்பதத் தாண்டல."

எங்கள் நகராட்சிக்கு இருப்பது ஒரே ஒரு ஜெட் வண்டி. தண்ணீரை வேகமாக அடித்து பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் இருக்கும் அடைப்பை உடைக்கிற லாரி. அதை ஓட்டவும் அதன் ஹோஸைப் பிடிக்கவும் பதினோரு வருடமாகப் பலவேசம்தான். நான் பொறியியல் பிரிவுக்கு வந்து நாலு மாதம். இதுவரை கொள்முதல் கோப்பு எழுதியது மேன்ஹோல் என்கிற ஆட்குழிக்கு மூடி, ப்ளீச்சிங் பவுடர், கடப்பாரை. உதிரி பாகம் இதுதான் முதல்.

"ஜெட் வாகனப் பம்புக்கு ரப்பர் வளையம் – 3" என்று இண்டெண்ட், அதாவது கோரிக்கைப் படிவம், எழுதிப் பொறியாளர் மேசைக்கு அனுப்பினேன். பத்து நிமிட வேலை. விலை, எங்கள் அலுவலகத்தின் ஒரு நாள் டீ செலவுக்குக் கொஞ்சம் மேலே.

"ஒரு வாரத்துல வந்துரும் பலவேசம்" என்றேன்.

"சரிம்மா" என்றார். அந்த 'சரிம்மா' எனக்குப் புரியவில்லை.

11.9.2025, வியாழன்

இண்டெண்ட் திரும்பி வந்துவிட்டது. பொறியாளர் நமச்சிவாயம் சார் கூப்பிட்டார்.

"ரப்பர் வளையம்னா என்னம்மா? நாம என்ன வளையல் கடையா வச்சிருக்கோம்? முறையான பேர எழுதுங்க."

முறையான பேர் எது? பலவேசம் சொல்வது கப்பு. பழைய இருப்புப் பதிவேட்டில் 'வாஷர் (பெரியது)'. வண்டியோடு வந்த கையேட்டில் 'சீல் கிட்'. கையேடுதான் முறையானது என்று எடுத்துக்கொண்டு, 'சீல் – 3, மாதிரி இணைக்கப்பட்டுள்ளது' என்று திருத்தி எழுதினேன். வளையத்தை ஒரு பாலிதீன் உறையில் போட்டுக் கோப்பில் நூலால் கட்டினேன்.

நமச்சிவாயம் சார் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். இப்போதெல்லாம் எந்தக் கோப்பையும் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறார், தன் கையெழுத்து எங்கே விழும் என்று பார்க்க. இன்றைக்கு விழுந்தது. நிம்மதி.

15.9.2025, திங்கள்

கோப்பு கணக்குப் பிரிவில்.

17.9.2025, புதன்

கணக்குப் பிரிவிலேயே.

19.9.2025, வெள்ளி

எழுதும்போது வருவது சிரிப்பா கோபமா தெரியவில்லை.

கோப்பு வந்தது. கணக்குப் பிரிவிலிருந்து அல்ல, எழுதுபொருள் பிரிவிலிருந்து. மேலே பென்சிலில் ஒரு வினா: "சீலில் பொறிக்க வேண்டிய வாசகம் என்ன? தமிழா, ஆங்கிலமா? வட்டமா, நீள்சதுரமா?"

கணக்குப் பிரிவில் 'சீல்' என்ற ஒரு சொல்லைப் பார்த்திருக்கிறார்கள். அலுவலக முத்திரை என்று முடிவு செய்து அங்கே தள்ளிவிட்டார்கள். மேலேயே ஜெட் வாகனம் என்று எழுதியிருக்கிறதே! பம்பு என்று எழுதியிருக்கிறதே! பம்புக்கு எதுக்கு முத்திரை? அது என்ன சர்டிபிகேட்டா குடுக்கப் போகுது?

உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். பிறகுதான் பாலிதீன் உறையைப் பார்த்தேன். காலி.

எழுதுபொருள் பிரிவின் கடைநிலை ஊழியரிடம் போய்க் கேட்டேன். "அதுவா? நாத்தம் பிடிச்ச ரப்பரு ஒண்ணு ஃபைலுக்குள்ள கெடந்துச்சுக்கா. யாரோ வெளையாடியிருக்காவன்னு குப்பைல போட்டுட்டேன்."

மாதிரி இல்லாமல் எந்தக் கடைக்காரரும் விலை தர மாட்டார். பலவேசத்திடம் இன்னொன்று கேட்டேன்.

"இன்னொண்ணக் கழட்டுனா பம்பு மொத்தமா நின்னுரும்மா. இந்த நாப்பது கிலோவ வச்சுத்தான் சின்னச் சின்ன அடைப்ப எடுத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"வேற வழி இல்லையே."

கழற்றிக் கொடுத்தார். இன்று சாயங்காலத்திலிருந்து ஜெட் வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிறது. நான் எழுதிய ஒரு சொல்லால்.

23.9.2025, செவ்வாய்

மூன்று விலைப்பட்டியல் வேண்டும் என்பது விதி. வாங்கினேன். சென்னை ஏஜெண்ட் 'சீல் கிட்' என்று அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் பேட்டை என்ற ஊரில் இரண்டு கடை. ஒன்று 'பேக்கிங்' என்கிறது, மற்றது 'வி ரிங்' என்கிறது. மூன்றும் ஒரே சாமான். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு அனுப்பினேன்.

26.9.2025, வெள்ளி

தணிக்கைப் பிரிவின் ஆட்சேபணை: "மூன்று விலைப்பட்டியல்களும் மூன்று வெவ்வேறு பொருட்களுக்கானவை. ஒப்பிட இயலாது."

"மூன்றும் ஒன்றே" என்று எழுதித் திருப்பினேன். அரை மணியில் வந்தது: "ஒன்றே என்பதற்குத் தொழில்நுட்பச் சான்று?"

சான்று தர வேண்டியவர் நமச்சிவாயம் சார். போய் நின்றேன். வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் பம்புகளோடு இருந்த மனுஷன், எப்படித் தெரியாமல் போகும்?

"நான் ஏம்மா சான்று குடுக்கணும்? நாளைக்கு மாட்டும்போது சேரலைன்னா? ஆன்லைன்ல அரசு சந்தை இருக்குல்லா, அதுல தேடுங்க."

தேடினேன். வளையம் என்று போட்டால் குக்கர் கேஸ்கெட் வருகிறது. ரப்பர் என்று போட்டால் அழிப்பான். சீல் என்று போட எனக்குத் தெம்பில்லை.

30.9.2025, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் இன்றே ஷெட்டில் ஆயுத பூஜை. ஜெட் வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்துப் பலவேசம் வண்டியை ஓரடி நகர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆணையர் மேடம் வந்து தீபாராதனை பார்த்துவிட்டுப் போனார்.

"வண்டி நல்லாத்தாம்மா ஓடும்" என்றார் பலவேசம், சுண்டல் பொட்டலத்தை என்னிடம் நீட்டியபடி. "ஓடி என்ன செய்ய?"

6.10.2025, திங்கள்

போன வியாழன் மத்தியானம் ஒரு பாட்டம் மழை. மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை. அதற்கே வாய்க்கால் தெருவில் ஆட்குழி பொங்கி வழிகிறது.

அந்தத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் கோமு காலையிலேயே வந்துவிட்டாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகியிருந்தாள், இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் வந்திருக்கிறாள்.

"மேல உள்ளவங்கட்டச் சொல்லும்மா. எங்க வீட்டுக் கக்கூஸ் வழியா ஏறி வருது. மாவாட்டுத ரூம்பு வரைக்கும் வந்துட்டு. நாலு நாளாக் கடை தொறக்கல. எங்க மாமியாளுக்கு வயித்தால போயி ஆசுபத்திரில கெடக்கா. எப்ப வருவிய?"

"வண்டிக்கு ஒரு சாமான் வரணும்."

"என்ன சாமான்? எஞ்சினா?"

விரலை வளைத்துக் காட்டினேன். அவள் என் விரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"இம்புட்டுத்தானா?"

ஆமாம் கோமு, இம்புட்டுத்தான்.

ஆணையரைப் பார்க்கப் போனேன். உள்ளே கூட்டம். நேர்முக உதவியாளர், "கோப்பு முறையா வரட்டும் மேடம்" என்றார்.

8.10.2025, புதன்

மறுபடி ஆணையர் அறை. மறுபடி கூட்டம்.

10.10.2025, வெள்ளி

கவுன்சிலர் வந்து வராந்தாவில் நின்று கத்திவிட்டுப் போனார். அவர் போன பிறகு சுகாதார மேற்பார்வையாளர் பாபநாசம் பொறியாளர் அறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"மேடம், ரெண்டு பேரு இருக்கானுவ" என்றார் பாபநாசம், குரலைத் தணித்து. "சேரன்மகாதேவி பக்கம். காலைல வெள்ளென இறக்கி ஏத்திருவோம். ஜோலி முடிஞ்சிரும். நீங்க ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்க. 'அவசரப் பணி, தற்காலிக ஆட்கள் மூலம் தூர் அகற்றல்.' அவ்வளவுதான்."

"ஆட்குழிக்குள்ள ஆள் இறக்கக் கூடாதே. சட்டம் இருக்கே."

"யாரு இறக்குதா? தூர் அகற்றுதோம்."

நமச்சிவாயம் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுங்கம்மா. சனமும் பாவம்லா."

சனம் பாவம்தான். கோமு மாமியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஆனால் ரப்பர் வளையம் என்று எழுதினால் பெயர் சரியில்லை. சீல் என்றால் சரியில்லை. பேக்கிங், வி ரிங், எதுவும் சரியில்லை. ஒரு மனுஷனைச் சாக்கடைக்குள் இறக்குவதற்கு மட்டும் உடனே ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது!

திங்கட்கிழமை எழுதுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். கோழைத்தனம்தான். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்.

11.10.2025, சனி

காய்கறி வாங்கப் போன இடத்தில் பலவேசத்தைப் பார்த்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கடப்பாரையும் கயிறும் கேட்டிருக்கிறார்கள். ஷெட் சாவியைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"நீங்க எப்பவாச்சும் இறங்கியிருக்கியளா?" என்று கேட்டேன். ஐந்து மாதத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

"இருவத்திரெண்டு வருசம் இருக்கும். வண்டியெல்லாம் வாரதுக்கு முன்ன." பையைக் கீழே வைத்தார். "இறங்கும்போது நாத்தம் கொடலப் புடுங்கும்மா. ரெண்டு நிமிசத்துல பைய நாத்தம் நின்னுரும். பழகிட்டு போலன்னு நெனைப்போம். பழகல. மூக்கு செத்துப் போச்சுன்னு அர்த்தம். அடுத்தது நாமதான். மேல நின்னவன் சும்மா சந்தேகத்துல கயித்தச் சுண்டிப் பாத்தான். நான் பதிலுக்குச் சுண்டல. இழுத்துட்டான். அதனால இருக்கேன்."

பையை எடுத்துக்கொண்டார். "அந்தப் பயலுவளுக்கு இதெல்லாம் யாரு சொல்லப் போறா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். இவர் வங்கிக்காரர், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர். "குறிப்பு எழுத முடியாதுன்னா அவங்க வேற ஆள வச்சு எழுதிக்கிடுவாங்கள்லா?" என்றார்.

ஆமாம். அதுதான் நேற்றிலிருந்து என்னைத் தின்கிறது.

13.10.2025, திங்கள்

காலையில் வராந்தா பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒல்லி, கட்டம் போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, லெட்டர் ரெடியா? பாபநாசம் சார் ஒங்களத்தான் பாக்கச் சொன்னாவ."

"உம் பேரு?"

"பெருமாள்ராஜ்."

"வயசு?"

"இருவத்தொம்பது."

"இதுக்கு முன்னால ஆட்குழில இறங்கியிருக்கியா?"

"கெணத்துல இறங்கித் தூர் வாரியிருக்கேன்க்கா. இது அஞ்சு நிமிச வேலை. மூச்சப் புடிச்சிக்கிட்டு இறங்கி, கம்பியால நாலு குத்து."

பலவேசம் சொன்னதை அப்படியே சொன்னேன். நாற்றம் நிற்பதை, மூக்கு சாவதை. சிரித்தான். "சும்மா பயங்காட்டாதியக்கா. நாளைக்கு நடவு வேலையா காத்துக் கெடக்கு எனக்கு? லெட்டரக் குடுங்க."

உள்ளே போய் எழுதினேன். ஒரு சொல்லைக்கூட அலங்கரிக்காமல் எழுதினேன். பிரதி எனக்கென்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"வாய்க்கால் தெரு ஆட்குழியில் அடைப்பு. ஜெட் வாகனப் பம்புக்கு மூன்று ரப்பர் வளையங்கள் 9.9.2025 அன்று கோரப்பட்டு, 34 நாட்களாக வாங்கப்படவில்லை. எனவே பெருமாள்ராஜ் (29) என்பவரையும் மற்றொருவரையும் ஆட்குழிக்குள் இறக்கிக் கையால் அடைப்பை எடுக்கலாம் என்று சுகாதார மேற்பார்வையாளரும் பொறியாளரும் வாய்மொழியாகத் தெரிவித்துள்ளனர். இது சட்டப்படி தடை செய்யப்பட்டது. குழிக்குள் விஷவாயு இருக்கலாம். உயிரிழப்பு நேர்ந்தால் பொறுப்பு, கீழே அனுமதி வழங்கிக் கையெழுத்திடுபவருடையது. ஆணைக்காக."

கீழே 'பிரம்மநாயகி, உதவியாளர்' என்று போட்டேன். பிறகு பதிவேட்டை எடுத்து எண் கொடுத்தேன். எண் விழுந்த காகிதத்தை யாரும் கிழிக்க முடியாது. பத்தொன்பது வருட வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

பெருமாள்ராஜ் சாயங்காலம் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

14.10.2025, செவ்வாய்

நமச்சிவாயம் சார் இன்று முதல் தடவையாக ஒரு கோப்பை மேலிருந்து படித்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க சொன்னதுதான் சார்."

"இப்படியா எழுதச் சொன்னேன்?"

"வேற எப்படி எழுதினாலும் இதுதான சார் நடக்கப் போகுது?"

"கிழிச்சிப் போடுங்க."

"நம்பர் போட்டாச்சு சார்."

அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம். ஓய்வுக்கு அஞ்சு மாதம் இருக்கிற மனுஷனின் பயம். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. 'சுகாதாரப் பிரிவின் கருத்துக்கு' என்று எழுதித் தள்ளிவிட்டார். சுகாதாரப் பிரிவு, 'இது பொறியியல் பிரிவைச் சார்ந்தது' என்று தள்ளியது. பாபநாசம், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று எல்லா மேசையிலும் போய்ச் சொன்னார். தணிக்கை, 'கருத்து ஏதுமில்லை.' கணக்கு, 'பார்த்தேன்.'

இரண்டு அறையைத் தாண்ட எட்டு நாள் எடுத்துக்கொண்ட அலுவலகம். இன்று மூன்று மணிக்குள் ஆறு மேசை. தொட்டவர் எல்லாம் சுட்ட மாதிரி அடுத்தவருக்குத் தள்ள, கடைசியில் அதற்கு மேல் தள்ள ஆள் இல்லாத மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலே காலுக்கு ஆணையர் மேடம் கூப்பிட்டார். நமச்சிவாயம் சார், பாபநாசம், தணிக்கைக்காரர், நான். மேடம் சென்னைக்காரர், வந்து இரண்டு மாதம் ஆகிறது.

"இந்த ரிங் எங்க கிடைக்கும்?"

"பேட்டைல மேடம்" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"போய்ட்டு வாரதுக்கு ஒரு மணி நேரம்."

மேடம் பேனாவை மூடித் திறந்தார். "ஒரு மணி நேரம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

'உடனே உள்ளூரில் வாங்கவும். எக்காரணம் கொண்டும் ஆள் இறக்கக் கூடாது.' இரண்டு வரி. கையெழுத்து. முப்பத்தைந்து நாளாகத் தேடியது அந்த இரண்டு வரியைத்தான்.

எழுந்தபோது என்னை மட்டும் நிறுத்தினார். பாராட்டுவார் என்று நினைத்தேன், அசடு. "இப்படி எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே?"

இரண்டு தடவை வந்தேன் மேடம், கூட்டம் என்றார்கள். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

15.10.2025, புதன்

பேட்டை. நான் பஸ்ஸில், பலவேசம் சைக்கிளில், மாதிரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.

சேக் முகம்மது அண்ணாச்சி கடை ஓர் ஆள் திரும்ப இடமில்லாத கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். வளையத்தை வாங்கி வெர்னியர் அளவுகோலில் கவ்விப் பார்த்தார். எழுந்து, மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஓர் இழுப்பறையைத் திறந்தார். அவ்வளவுதான். முடிந்தது.

"இதையாம்மா ஒரு மாசமாத் தேடுதிய? நான் போன மாசமே விலை எழுதி அனுப்புனனே, பேக்கிங்னு."

"மூணு பட்டியல்லயும் மூணு பேரு இருக்குன்னு ஆட்சேபணை போட்டுட்டாங்க அண்ணாச்சி."

"ஒங்க ஆபீசுலருந்து ஒருத்தர் போன் போட்டாரு. பேக்கிங்னா அட்டைப் பெட்டியான்னு கேட்டாரு. சிரிக்கவா அழவா?" மேற்கொண்டு ஒரு ஜோடியையும் எடுத்து வைத்தார். "இதையும் கையில வச்சுக்கிடுங்க. இது தேயுத சாமான். நாலு மாசத்துல மறுபடி போவும்."

"மூணுக்குத்தான் அண்ணாச்சி ஆணை."

"நான் சும்மா தாரேம்மா."

"சும்மா வாங்கினா அதுக்குத் தனியா ஒரு ஆட்சேபணை வரும்."

மூன்றை மட்டும் வாங்கிக்கொண்டு பில் போட்டுத் திரும்பினோம். கையில் இருப்பதை விட்டுவிட்டு வருகிற அளவுக்கு நானும் இந்த அலுவலகத்துக்காரிதான்.

16.10.2025, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. இது நிஜ மழை.

ஷெட்டில் பம்பைப் பிரித்து மாட்ட முக்கால் மணி நேரம். வண்டி வாய்க்கால் தெருவுக்குள் நுழையும்போது சாக்கடைத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல். நான் குடையோடு கோமு வீட்டுப் படியில் ஏறி நின்றேன். நான் வர வேண்டிய வேலையே இல்லை. வராமல் இருக்க முடியவில்லை.

பலவேசம் ஹோஸைக் குழிக்குள் விட்டு, பம்பைப் போட்டார். அழுத்தமானியின் முள் நாற்பதைத் தொட்டது. நின்றது. பிறகு எண்பது, நூற்றிருபது, நூற்றைம்பது. ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. திடீரென்று தெருவுக்கு அடியில் ஏதோ விக்கல் எடுத்த மாதிரி ஒரு சத்தம், தண்ணீர் சுழன்று இறங்க ஆரம்பித்தது. பள்ளத்துப் பக்கம் அடுத்த ஆட்குழியில் போட்டிருந்த வலையில் வந்து சேர்ந்தவை: ஒரு சாக்கு, தலையணை உறை, தேங்காய் அளவுக்கு ஒரு சிமெண்ட் கட்டி.

"அந்தக் கட்டிய கம்பியால குத்தி ஒடைச்சிருக்க முடியாதும்மா" என்றார் பலவேசம். "அசைஞ்சிருந்தா அந்தால தண்ணி மொத்தமா வந்து மோதியிருக்கும். ஏறி வந்திருக்க மாட்டான்."

கோமு நன்றி சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்து மாவறையைக் கழுவ ஆரம்பித்தாள். "ரெண்டு வாரத்துக்குப் பொறவு வந்து நிக்கிய. பினாயில யாரு தருவா? ஒங்க ஆபீசா?"

எதிர்ச்சாரியில் பெருமாள்ராஜ் நின்றுகொண்டிருந்தான். கிட்டே வந்தான்.

"சந்தோசமாக்கா? தீவாளிக்கு நாலு நாளு இருக்கு. பிள்ளைக்குச் சட்டை எடுத்துரலாம்னு இருந்தேன். ஒங்க எழுத்தால போச்சு. பேரு, வயசு எல்லாம் நயமாக் கேட்டு எழுதிக்கிட்டு... நல்லா இருங்க."

சிமெண்ட் கட்டியைக் காட்டலாம் என்று திரும்பினேன். அதற்குள் போய்விட்டான்.

20.10.2025, திங்கள்

தீபாவளி. மழை. அதிரசம் சரியாக வரவில்லை. எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை பழைய சட்டையோடு நிற்கிறதோ என்று காலையிலிருந்து ஒரே நினைப்பு.

3.11.2025, திங்கள்

எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது. "அலுவலகக் கோப்பில் தேவையற்ற, அலுவலக மாண்புக்குக் குறைவான சொற்களைப் பயன்படுத்தியது ஏன்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

இவர் இரண்டு தடவை படித்தார். "மாண்புக்குக் குறைவான சொல்லு இதுல எது? 'கையால்' அதுவா? 'உயிரிழப்பு' அதுவா?"

அதையே பதிலாக எழுதினேன்: "சொற்களைத் திருத்திக்கொள்ளத் தயார். எந்தச் சொல் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்."

10.11.2025, திங்கள்

பதில் இல்லை. எந்தச் சொல் என்று எழுதினால் அதற்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமே.

17.11.2025, திங்கள்

பதில் இப்படி வந்தது: 'நிர்வாக நலன் கருதி' என்னைக் குடிநீர் இணைப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தரைத்தளம், பொதுமக்கள் கவுண்டர். ஜன்னல் இல்லாத இடம். நாளைக்குச் சேர வேண்டும். யார் கருதிய நலன், யாருடைய நிர்வாகம், கேட்கத் தெம்பில்லை.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஒன்று பார்த்தேன். ஜெட் வண்டியில் அடிக்கடி தேயும் உதிரி பாகங்களை இனி ஆண்டுக்கு ஒரு தடவை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் புகைப்படமும் எண்ணும் போட்டுப் பட்டியல் வேண்டும் என்று ஆணையர் உத்தரவு. பட்டியல் போட வந்திருக்கும் புதுப் பெண்ணுக்கு ஒரு சாமானும் தெரியாது. பலவேசத்தைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் வழக்கம்போல வாசலில் நின்றார்.

"உள்ள வந்து உக்காந்து சொல்லுங்க, எனக்குக் காதுல விழல" என்றாள்.

உட்கார்ந்தார். நாற்காலி நுனியில்தான், ஆனாலும் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

9.12.2025, செவ்வாய்

கவுண்டரில் இன்று சரியான கூட்டம். முகத்தைப் பார்க்காமல் விண்ணப்பத்தை மட்டும் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒன்றில் வீட்டு வரி ரசீது நகல் இல்லை. "நகல் வச்சுட்டு வாங்க" என்று திருப்பி நீட்டினேன்.

"நீங்களா?"

நிமிர்ந்தேன். பெருமாள்ராஜ்.

"எனக்குன்னே வந்து உக்காந்திருக்கியளா? அங்கனயும் நீங்க, இங்கனயும் நீங்க! பேட்டைல லோடு ஏத்துத வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு மாமனார் வீட்டுக் கொழாய்க்காக ரெண்டு மணி நேரமா நிக்கேன். காலைல வந்தா மத்தியானம் வரச் சொல்லுதிய. மத்தியானம் வந்தா நகலு இல்லங்கிய. இந்த ஆபீசுல ஒரு காயிதமாச்சும் ஒரு தடவைல போயிருக்கா? தீவாளியக் கெடுத்திய. இப்பக் குடிக்குத தண்ணியயும் கெடுக்கிய!"

நிற்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு வாங்க வாங்க, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி திட்டினான். காவலாளி எழுந்து வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏனோ எனக்குக் கோபமே வரவில்லை. அவன் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ரசீது நகல நானே கம்ப்யூட்டர்ல எடுத்துக்கிடுதேன்" என்றேன். "இருங்க. மனு கொண்டாந்தவர் வயசு எழுதாம விட்டிருக்கிய. சொல்லுங்க."

அவன் சந்தேகத்தோடு பார்த்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இருவத்தொம்பது... இல்ல. போன வாரம் முப்பது ஆயிட்டு."

முப்பது என்று எழுதினேன்.